புதிய அடுப்பு, பழைய கம்பி

வீட்டு மின்சாரம்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீடொன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். எங்கள் கட்டடத்தில் எரிவாயுத் தோம்பு வைத்துக்கொள்ள அனுமதி இல்லாததால் தொடக்கத்திலிருந்தே மின்சார அடுப்புதான். நான்கு தட்டுகளும் அடியில் ஓவனும் சேர்ந்த அந்தப் பழைய அடுப்பு சென்ற மாதம் ஓய்ந்துவிட்டது. அதற்குப் பதிலாக, நான்கு பாத்திரங்கள் வைக்கக்கூடிய 7.2 கிலோவாட் இண்டக்‌ஷன் அடுப்பையும், தனியாக ஒரு 3 கிலோவாட் ஓவனையும் வாங்கியிருக்கிறோம். சுவரில் பழைய அடுப்புக்கான பெரிய சுவிட்ச் நல்ல நிலையில் இருக்கிறது. அதிலிருந்து வரும் கம்பிகள் சிவப்பு, கறுப்பு, பச்சை நிறங்களில் உள்ளன. புதிய அடுப்பின் விளக்கத்தாளோ பழுப்பு, நீலம், பச்சை–மஞ்சள் என்று சொல்கிறது. கல்லூரியில் படிக்கும் என் மகன், நிறங்களைப் பொருத்திப் பார்த்துத் தானே இணைத்துவிடுவதாகச் சொல்கிறான். அவனிடம் விட்டுவிடலாமா?
– வாசகி, செந்தூல்

பதில்: அம்மா, நிறங்களைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். அதற்கு முன்னால், சுவருக்குள் இத்தனை ஆண்டுகளாகக் கிடக்கும் கம்பி புதிய அடுப்பின் சுமையைத் தாங்குமா என்பதைப் பார்த்தாக வேண்டும். அடுப்பு மாற்றுவோரில் பலர் பழைய அடுப்பு இருந்த இடத்தில் புதியதை வைப்பதால் எல்லாம் முன்போலவே இருக்கும் என்று எண்ணிவிடுகிறார்கள். பழைய அடுப்பும் ஓவனும் சேர்ந்து இழுத்த மின்னோட்டம் ஓர் அளவு; நீங்கள் இப்போது வாங்கியிருக்கும் இரண்டும் சேர்ந்து இழுக்கப்போவது வேறோர் அளவு. இரண்டு அளவுகளும் அடுப்பின் அடியிலோ பக்கவாட்டிலோ ஒட்டியிருக்கும் தகட்டில் வாட் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். பழைய அடுப்பைத் தூக்கிக் கொடுத்துவிடுவதற்கு முன் அந்தத் தகட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு எளிதானது. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் வரும். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். எனவே 7,200 வாட் அடுப்பு முழுமையாக எரியும்போது ஏறக்குறைய 31.3 ஆம்பியரும், 3,000 வாட் ஓவன் 13 ஆம்பியரும் இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் 44 ஆம்பியரைத் தாண்டிவிடுகிறது. இப்போது உங்கள் வீட்டில் மின்சாரம் ஒவ்வொரு சுற்றுக்கும் பிரியும் டிபி பெட்டியைத் திறந்து, அடுப்புக்குரிய எம்சிபியில் (சுமை மிகும்போது தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) எந்த எண் பொறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 32 என்றிருந்தால், அந்தச் சுற்றின் கம்பி பெரும்பாலும் 6 சதுர மில்லிமீட்டர் அளவினதாக இருக்கும். இருக்க வேண்டும் என்பதுதான் முறை, இருக்கிறதா என்பதைத் திறந்து பார்த்தே உறுதிசெய்ய வேண்டும். 20 என்றிருந்தால், அந்தக் கம்பியில் உங்கள் புதிய அடுப்பை இணைக்கவே கூடாது. அப்போது டிபி பெட்டியிலிருந்து சமையலறை வரை புதிய கம்பி இழுத்தாக வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு தவற்றைப் பற்றி வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. அடுப்பைப் போட்டவுடன் எம்சிபி விழுந்துவிடுகிறது என்று யாரையாவது அழைத்தால், வருகிறவர் 20 ஆம்பியர் எம்சிபியைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் எம்சிபியை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறார். அடுப்பு எரிகிறது, வீட்டில் உள்ளவர்களும் மனநிறைவு அடைகிறார்கள். எம்சிபி காப்பது அடுப்பை என்று நினைப்பதால் வரும் பிழை இது. அது காப்பது சுவருக்குள் இருக்கும் கம்பியை. 20 ஆம்பியருக்கு இழுத்த மெல்லிய கம்பியில் 31 ஆம்பியர் ஓடினால், அதன் மேலுள்ள பிவிசி உறை தாங்கக்கூடிய 70 பாகை செல்சியஸையும் கடந்து கம்பி சூடேறும். உறை மெல்ல மெல்ல இறுகி, வெடித்து, உதிரும். இவை அனைத்தும் சுவருக்குள்ளும் கூரைத் தட்டிக்கு மேலும் நடப்பதால் யார் கண்ணிலும் படாது. கம்பியை மாற்றாமல் எம்சிபியின் எண்ணை உயர்த்த யார் சொன்னாலும் இணங்காதீர்கள்.

சரி, 32 ஆம்பியர் சுற்றில் 44 ஆம்பியர் சுமையை எப்படி இணைப்பது என்று கேட்பீர்கள். வீட்டுச் சமையலில் நான்கு இடங்களும் ஓவனும் ஒரே நேரத்தில் உச்ச அளவில் எரிவது அரிது என்பதால், முதல் 10 ஆம்பியரை முழுமையாகவும் எஞ்சியதில் 30 விழுக்காட்டை மட்டும் சேர்த்தும் கணக்கிடும் ஒரு முறை பிரிட்டிஷ் வழக்கத்திலிருந்து நம் தொழிலுக்கு வந்திருக்கிறது. அந்தக் கணக்கின்படி உங்கள் சுமை 20 ஆம்பியர் அளவுக்கே வரும், ஆகவே 32 ஆம்பியர் சுற்று போதும் என்று ஒரு வயர்மேன் உங்களிடம் சொன்னால் அவர் சொல்வது தவறாகாது. ஆயினும் நம் வீட்டுச் சமையலறையை நான் வேறு கண்கொண்டு பார்க்கிறேன். தீபாவளிக்கு முந்திய நாள் ஓரடுப்பில் முறுக்கு, ஓரடுப்பில் பாகு, ஓரடுப்பில் கோழிக் குழம்பு, ஓவனில் கேக் என்று காலை முதல் இரவு வரை ஓயாமல் எரியும் வீடுகள் எத்தனை! ஆண்டில் சில நாள்களே ஆனாலும் அந்த நாள்களில் கம்பியின் சூடு தணிய இடைவெளியே கிடைப்பதில்லை. ஆகையால் இண்டக்‌ஷன் அடுப்புக்குப் பழைய 32 ஆம்பியர் சுற்றையும், ஓவனுக்கு 20 ஆம்பியர் எம்சிபியோடு கூடிய தனிச் சுற்றையும் கொடுப்பதே என் பரிந்துரை.

ஓவனைச் சமையலறையில் இருக்கும் மூன்று முனைப் பிளக்கிலேயே செருகிவிடலாமே என்ற எண்ணமும் எழலாம். 13 ஆம்பியர் பிளக்கின் எல்லை 230 வோல்ட்டில் ஏறக்குறைய 3 கிலோவாட். உங்கள் ஓவன் அந்த எல்லையின் விளிம்பிலேயே நிற்கிறது. 2008 முதல் மலேசியாவில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட் என வரையறுக்கப்பட்டிருந்தாலும், அது மேலே 10 விழுக்காடும் கீழே 6 விழுக்காடும் மாறுவதற்கு இடமுண்டு. மின்னழுத்தம் 240 வோல்ட்டாக இருக்கும் வேளையில் அதே ஓவன் 13.6 ஆம்பியர் இழுக்கும். பிளக்கினுள் இருக்கும் 13 ஆம்பியர் ஃபியூஸ் இந்தச் சிறு மிகுதிக்கு உருகாது. ஒரு மணி நேரம் கேக் வேகும்வரை பிளக்கும் சாக்கெட்டும் சூட்டிலேயே கிடக்கும். ஓவனை இன்னும் பிரிக்கவில்லை என்றால், கடையில் கேட்டு 2.5 கிலோவாட்டுக்கு உட்பட்ட ஒன்றாக மாற்றிக்கொள்வதும் நல்ல வழியே. அதனை நல்ல நிலையிலுள்ள தனியொரு சாக்கெட்டில் நேரடியாகச் செருகிப் பயன்படுத்தலாம்.

இப்போது நிறங்கள். உங்கள் வீட்டுக்கு வருவது ஒரே லைவ் கம்பியுள்ள சிங்கிள் ஃபேஸ் இணைப்பாக இருந்தால், சிவப்பு மின்சாரம் வரும் லைவ் கம்பி, கறுப்பு அது திரும்பிச் செல்லும் நியூட்ரல், பச்சை கசிவை மண்ணுக்குக் கொண்டுசெல்லும் எர்த். அடுப்பின் வடத்தில் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சை–மஞ்சள் எர்த். சிவப்போடு பழுப்பு, கறுப்போடு நீலம், பச்சையோடு பச்சை–மஞ்சள் என்பது பொருத்தம். ஆனால் த்ரீ ஃபேஸ் இணைப்புள்ள வீடுகளில் சுவர்க் கம்பிகளின் மூன்று லைவ்களும் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று இழுக்கப்பட்டிருக்கும். அங்கே சமையலறைக்கு நீல ஃபேஸ் வந்திருந்தால், சுவரிலிருந்து வரும் நீலம் உயிருள்ள லைவ். அடுப்பிலிருந்து வரும் நீலமோ நியூட்ரல். நிறத்தை மட்டும் நம்பி நீலத்தோடு நீலத்தைச் சேர்ப்பவர் லைவையும் நியூட்ரலையும் தலைகீழாக மாற்றிவிடுகிறார். இது போதாதென்று, கையில் கிடைத்த கம்பியை இழுத்து வேலையை முடித்த முன்னோடிகளும் உண்டு. பச்சைக் கம்பியில் லைவ் ஓடுவதை நானே கண்டிருக்கிறேன். எனவே நிறத்தைப் பார்த்த பின்பும், இருமுனைச் சோதனைக் கருவியால் அளந்தே எதுவென்று முடிவுசெய்ய வேண்டும். அந்தக் கருவியையும் முதலில் மின்சாரம் இருக்கும் ஓரிடத்தில் வைத்துப் பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் அளந்து, மீண்டும் மின்சாரம் இருக்கும் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். விளக்கெரியும் டெஸ்ட் பேனா ஒன்றை மட்டும் நம்பிக் கம்பியைத் தொடுவது உயிரோடு விளையாடுவதாகும்.

உங்கள் மகன் கவனிக்காமல் விட்டிருக்கக்கூடிய இன்னொன்று, அடுப்பின் அடியில் இருக்கும் இணைப்புப் பெட்டி. ஐரோப்பிய அமைப்பில் செய்யப்பட்ட பெரிய இண்டக்‌ஷன் அடுப்புகள் ஒரே ஃபேஸிலும் இணைக்கப்படலாம், இரண்டு ஃபேஸ்களிலும் இணைக்கப்படலாம். எதற்கு எந்த முனைகளைச் சேர்க்க வேண்டும் என்று பெட்டியின் மூடியிலேயே வரைபடம் இருக்கும். சேர்ப்பதற்கான சிறு செப்புத் தகடுகளும் உடன் வரும். சிங்கிள் ஃபேஸ் வீட்டில் லைவ் முனைகளை ஒன்றாகவும் நியூட்ரல் முனைகளை ஒன்றாகவும் அந்தத் தகடுகளால் இணைக்க வேண்டும். தகட்டை மறந்தால் நான்கில் இரண்டு இடங்கள் மட்டும் வேலை செய்யும். வாடிக்கையாளர் அடுப்பு பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார். த்ரீ ஃபேஸ் வீட்டில் தகட்டை இடம் மாற்றிப் போட்டால், 230 வோல்ட்டுக்குச் செய்யப்பட்ட பாகத்தின் மேல் 400 வோல்ட் பாய்ந்து, சில நொடிகளில் அடுப்பே போய்விடும்.

எல்லாவற்றையும்விட நான் அதிகமாக அஞ்சுவது தளர்ந்த இணைப்பைத்தான். திருகாணி சரியாக முறுக்கப்படாத இடத்தில் தொடர்பு குறைவதால் சூடு பிறக்கிறது. சூட்டினால் செம்பின் மேல் கருமை படிகிறது. கருமையால் தொடர்பு மேலும் குறைந்து சூடு இன்னும் பெருகுகிறது. இத்தனைக்கும் கம்பியில் ஓடும் மின்னோட்டம் கூடவில்லை என்பதால் எம்சிபிக்கு எதுவும் தெரியாது. மின்சாரம் எர்த்துக்குக் கசியவில்லை என்பதால், கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் விழாது. பல ஆண்டுகளுக்கு முன் பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு வரிசை வீட்டுக்கு என்னை அழைத்தார்கள். சமையலறையில் ஒரு வாரமாக மீன் வாடை வீசுகிறது, தொட்டியையும் வடிகாலையும் எத்தனை முறை தேய்த்துக் கழுவியும் போகவில்லை, ஒருவேளை குளிர்பதனப் பெட்டியின் கம்பியில் ஏதாவது இருக்குமோ என்று அந்த அம்மா கேட்டார். அடுப்பு சுவிட்சின் மூடியைக் கழற்றினேன். பின்னால் லைவ் முனையைச் சுற்றிலும் நெகிழி கருகி, கம்பியின் உறை கையால் தொட்டால் உடையும் அளவுக்கு முறுகிப்போயிருந்தது. சுவிட்சுகளும் சாக்கெட்டுகளும் செய்யப்படும் சில வகை நெகிழி அளவுமீறிச் சூடாகும்போது மீன் வாடை அடிக்கும். மீன் சமைக்காத நாளில் அந்த வாடை வந்தால், முதலில் மெயின் சுவிட்சை அடைத்துவிட்டு, பிறகு வயர்மேனை அழையுங்கள்.

அதனால், இருபத்திரண்டு ஆண்டுப் பழைய அந்தப் பெரிய சுவிட்ச் வெளியே பளபளப்பாக இருந்தாலும் புதியதாக மாற்றிவிடுவதே நல்லது. அது லைவ், நியூட்ரல் இரண்டையும் ஒருசேரத் துண்டிக்கும் இரட்டைத் துருவ சுவிட்சாக இருக்க வேண்டும். எண்ணெய் தீப்பற்றினால் நெருப்பின் மேலாகக் கையை நீட்டித்தான் அணைக்க முடியும் என்ற நிலையில் அது இருக்கக் கூடாது. அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம். பக்கவாட்டில், இரண்டு மீட்டருக்குள், சட்டென்று எட்டும் இடமே உரிய இடம். ஓவனின் பின்புறச் சூடு படும் வழியில் சாதாரண பிவிசி வடம் செல்லாதபடியும், பின்னாளில் அடுப்பை இழுத்துப் பார்க்கும் அளவுக்கு வடத்தில் நீளம் மிச்சம் இருக்கும்படியும் செய்யச் சொல்லுங்கள்.

இனி, யார் செய்வது என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். மீட்டர் வரைதான் தெனாகா நேஷனலின் பொறுப்பு; அதற்கு இப்பால் உள்ளதெல்லாம் வீட்டுக்காரரின் பொறுப்பு. அந்தப் பகுதியில் கம்பி வேலை செய்பவர் சுருஹான்ஜாயா தெனாகா எனப்படும் எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேனாகவோ, அத்தகையவரை வைத்து வேலை செய்யும் பதிவுபெற்ற மின் ஒப்பந்தக்காரராகவோ இருக்க வேண்டும் என்பது 1990-ஆம் ஆண்டின் மின்விநியோகச் சட்டத்தையும் 1994-ஆம் ஆண்டின் மின்சார ஒழுங்குவிதிகளையும் ஒட்டிய நடைமுறை. சான்றிதழ் சிங்கிள் ஃபேஸுக்கா, த்ரீ ஃபேஸுக்கா என்பதும் அதிலேயே இருக்கும். காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். முறையாகக் கற்றவர் அதைக் காட்டப் பெருமைப்படுவார். வேலை முடிந்ததும் எர்த் தொடர்ச்சி, லைவ்–நியூட்ரல் வரிசை, 500 வோல்ட் கருவியால் அளந்த காப்புத்தடை (மின்சாரம் கசியாமல் உறை தடுக்கும் அளவு), ஆர்சிசிபி விழும் சோதனை ஆகியவற்றின் முடிவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் மகனை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. தகடுகளைப் படித்து ஆம்பியர் கணக்குப் போடுவது, எம்சிபி எண்களைக் குறித்துக்கொள்வது, இணைப்புப் பெட்டியின் வரைபடத்தைப் படமெடுத்து வயர்மேனுக்கு முன்கூட்டியே அனுப்புவது ஆகியவை அவர் செய்யக்கூடியவை. செய்தால் வயர்மேன் உரிய அளவுக் கம்பியோடு வந்து சேருவார். வேலை நடக்கும்போது அருகில் நின்று பார்க்கட்டும்.

கேள்வி: பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருக்கிறோம். எட்டு மாதங்கள் மகளோடு வெளியூரில் தங்கிவிட்டுத் திரும்பினோம். சுவரில் பதித்த ஓவனைப் போட்டால் சில நிமிடங்களில் வீடு முழுவதும் மின்சாரம் போய்விடுகிறது. ஆர்சிசிபிக்கு வயதாகிவிட்டது, அதைத் தவிர்த்து நேராக இணைத்துக்கொள்ளலாம் என்கிறார் பக்கத்து வீட்டு நண்பர். செய்யலாமா?
– வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: ஐயா, தயவுசெய்து செய்யாதீர்கள். உங்கள் ஆர்சிசிபி தன் கடமையைச் செய்கிறது என்றே தோன்றுகிறது. ஓவனின் சூடேற்றும் குழாய்க்குள், கம்பிக்கும் வெளி உலோகத்துக்கும் நடுவில் மக்னீசியம் ஆக்சைடு என்ற வெண்பொடி அடைக்கப்பட்டிருக்கும். அது ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. பினாங்கின் ஈரக்காற்றில் எட்டு மாதம் சூடே காணாமல் இருந்த ஓவனில் அந்தப் பொடி நனைந்து, மின்சாரம் குழாயின் உலோகத்துக்குக் கசிய, எர்த் கம்பி அதை ஏந்திச் செல்கிறது. கசிவைக் கண்ட ஆர்சிசிபி விழுகிறது. ஆர்சிசிபியை நீக்கிவிட்டால் கசிவு தொடரும், தெரியாது. ஒருநாள் எர்த் கம்பியும் விட்டுப்போனால், ஓவன் கதவைத் தொடும் கைக்கே அந்த மின்சாரம் வரும்.

ஓவனை அதன் இரட்டைத் துருவ சுவிட்சில் அடைத்துவிட்டு, வீட்டின் மற்றச் சாதனங்களை ஒருநாள் பயன்படுத்திப் பாருங்கள். ஆர்சிசிபி விழாமல் நின்றால் குற்றம் ஓவனில்தான். சுவிட்ச் லைவை மட்டும் துண்டிப்பதாக இருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும்; நியூட்ரல் பக்கத்துக் கசிவே ஆர்சிசிபியை விழச் செய்யப் போதும். பழுதுபார்ப்பவர் வந்து காப்புத்தடையை அளப்பார். ஈரம் மட்டுமே காரணமென்றால் முறைப்படி உலர்த்திச் சரிசெய்யலாம், குழாயில் விரிசல் இருந்தால் குழாயையே மாற்ற வேண்டும்.

நம் வீடுகளின் முதன்மை ஆர்சிசிபி பெரும்பாலும் 100 மில்லிஆம்பியர் அளவினது. அது தீயைத் தடுக்கவே முதலில் உதவும். மனித உயிரைக் காக்க 30 மில்லிஆம்பியரோ அதற்குக் கீழோ வேண்டும். கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவிகளுக்கு 30, குளியலறை நீர்சூடேற்றிக்கு 10 என்று ஒழுங்குவிதிகள் தனியாகக் கேட்பது அதனால்தான். வயர்மேன் வரும் நாளில் ஓவனின் சுற்றுக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றைத் தனியே போட முடியுமா என்று கேளுங்கள். சிறு கசிவு ஏற்பட்டால் வீடு முழுவதும் இருளாது. ஆர்சிசிபியில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழாத ஆர்சிசிபியைத்தான் வயதாகிவிட்டது என்று மாற்ற வேண்டும்.

கேள்வி: பட்டர்வொர்த்தில் வாடகை வீட்டில் இருக்கிறேன். சமையலறையில் ஒரே சாக்கெட். எக்ஸ்டென்ஷன் போட்டு 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு, சோற்றுப் பானை, நீர்க்கொதிகலன் மூன்றையும் செருகியிருக்கிறேன். பிளக் பழுப்பேறியிருக்கிறது. பிளக்கை மட்டும் மாற்றினால் போதுமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: போதாது, சகோதரி. அடுப்பு 2,000 வாட், நீர்க்கொதிகலனும் ஏறக்குறைய அவ்வளவே, சோற்றுப் பானை 700 என்று வைத்தாலும் மொத்தம் 4,700 வாட். அதாவது 13 ஆம்பியருக்குரிய ஒரே வாயில் 20 ஆம்பியர். இன்றே எக்ஸ்டென்ஷனைக் கழற்றிவிடுங்கள். சூட்டில் கிடந்த சாக்கெட்டினுள் இருக்கும் பித்தளைப் பிடிகள் தளர்ந்திருக்கும் என்பதால் பிளக்கோடு சாக்கெட்டையும் மாற்ற வேண்டும். இரண்டிலும் தரச் சான்றான சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். பிளக்கின் நிறத்தைப் படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பி, சமையலறைக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 20 ஆம்பியர் எம்சிபியோடு இன்னொரு சாக்கெட் சுற்று வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். பழைய சாக்கெட் மாற்றப்படும்வரை அதில் எதையும் செருகாதீர்கள். வேறு அறையில் சூடேறாத நல்ல சாக்கெட் இருந்தால், நீரைக் கொதிக்க வைத்து முடித்த பின் அடுப்பு, அடுப்பு முடிந்த பின் சோறு என்று ஒவ்வொன்றாக அதில் நேரடியாகச் செருகிச் சமையுங்கள்.